மருந்துச் சீட்டில் நாலு தோழிகள்

ஷகிலா போன் பண்ணப்போ நான் மொட்டை மாடியில மிளகாய் காயப் போட்டுக்கிட்டு இருந்தேன். நான் ரிட்டயர் ஆனதும் என் இடத்துக்கு வந்த கிராம சுகாதார செவிலியர் அவ. பொன்னேரியில ஏதோ பயிற்சி வகுப்பு முடிச்சுட்டு ரயிலுக்கு நின்னுட்டு இருந்தா.

"அக்கா, நம்ம டாக்டரம்மா மாத்திரைக்குக் கீழ எழுதுவாங்கன்னு சொல்லுவீங்களே, அங்க போ, இவங்களோட சேருன்னு? அதுக்கு இங்கிலீஷ்ல பேரே இருக்குதாம்க்கா. சோஷியல் பிரிஸ்கிரைபிங்காம். வெளிநாட்டுல பிள்ளைங்களுக்கெல்லாம் அப்படித்தான் எழுதறாங்களாம். படம் போட்டுக் காட்டினாங்க"ன்னா.

"அந்தப் படத்துல தகப்பன்காரன் வந்து சண்டை போடறது இருந்துச்சா?"

"இல்லக்கா. எல்லாரும் சிரிச்சிக்கினு இருந்தாங்க."

"அப்ப பாதிப் படம்தான் காட்டியிருக்காங்க"ன்னேன்.

மீதியை எழுதிக் குடுங்கக்கா, புதுசா வந்திருக்கற பசங்களுக்குப் படிச்சுக் காட்டறேன்னு விடாப்பிடியா நின்னா. எனக்கு வாய் நீளம், கை குட்டை. எழுத்துன்னா எங்கியோ ஓடிடுவேன். அதனால பேசற மாதிரியே எழுதறேன், படிக்கறவங்க பொறுத்துக்கோங்க. பொறுக்க முடியலன்னா ஷகிலாவைத் திட்டுங்க.

நான் காட்டூர்க்காரி. நெல்லு விளையற வூடு. பழவேற்காடு ஏரி கூப்பிடு தூரம்தான்னாலும், படகுல கால் வெச்சது வேலைக்கு வந்தப்புறம்தான். படிச்சது, பயிற்சி எடுத்தது, வாழைப்பழத்துல ஊசி குத்திப் பழகினது எல்லாம் எல்லா நர்சுக்கும் உள்ள கதை. அதை விடுங்க. முதல் நாள் படகுல போய் இறங்கறதுக்குள்ள காலையில துன்ன இட்லி மொத்தமும் ஏரிக்குப் போச்சு. கரையில மீன் பிரிச்சுக்கிட்டு இருந்த பொம்பளைங்க பார்த்துட்டு, "நர்சம்மாவுக்கே மசக்கையா? அப்ப எங்களுக்கு யாரு பாக்கறது?"ன்னு கேட்டாங்க. எனக்கு அப்ப கல்யாணமே ஆகல. அன்னைக்கு வந்த கோவத்துல ஏரியைப் பார்த்துச் சபதம் போட்டேன், இனிமே வாந்தி எடுக்க மாட்டேன்னு. எடுக்கல. அவ்ளோதான் என் பயிற்சிக் காலம்.

அப்புறம் தடுப்பூசி, பேறுகாலம், எடை பார்க்கறதுன்னு காலம் போயிடுச்சு. பிள்ளைங்க வயிறு, பிள்ளைங்க காய்ச்சல், பிள்ளைங்க பேன். பிள்ளைங்க மனசுன்னு ஒண்ணு இருக்குதுன்னு யாரும் எங்களுக்குச் சொல்லல. சொல்லியிருந்தாலும் அதை எடை போடத் தராசு இல்ல.

டாக்டர் ஜெயராணி வந்தது என் சர்வீஸ் முடியற காலத்துல. திருநெல்வேலிப் பக்கம். ஆள் குள்ளம், நடை வேகம், எழுத்து மட்டும் ஆமை. ஓ.பி. சீட்டுல கொட்டை கொட்டையா தமிழ்லதான் எழுதுவாங்க. "மேடம், இப்படி எழுதினா சாயங்காலம் ஆயிடும்"னு நான் முணுமுணுப்பேன். "இங்கிலீஷ்ல எழுதுனா மாத்திரை குடுக்கவன் படிப்பான். தமிழ்ல எழுதுனா பிள்ளையோட அம்மா படிப்பா. எது முக்கியம், சொல்லுங்க பாப்போம்"னு கேப்பாங்க. பதில் சொல்ற வரைக்கும் அடுத்த பேஷண்டைக் கூப்பிட மாட்டாங்க.

அவங்க வழி எப்படின்னா, முதல்ல உடம்பு. வயித்துவலின்னு ஒரு பிள்ளை வந்தா வயித்தைத்தான் பார்ப்பாங்க. ரத்தம், சிறுநீர், தேவைப்பட்டா பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஸ்கேன். "மனசுதான்னு அவசரப்பட்டுச் சொல்லி, உள்ள குடல்வால் வீங்கிக் கிடந்தா யாரு பதில் சொல்லுதது?"ன்னு கேப்பாங்க. எல்லாம் சரியா இருக்குதுன்னு தெரிஞ்சப்புறம்தான் அடுத்தது. அம்மாவை வெளிய அனுப்பணும். வெளிய போங்கன்னு சொன்னா எந்த அம்மா போவா? "நர்சம்மா, இவங்களுக்குப் பிரஷர் பாத்துட்டு வாங்க"ம்பாங்க. நான் பக்கத்து ரூமுக்குக் கூட்டிப் போய் ஒரே கையில திரும்பத் திரும்பப் பார்ப்பேன். எங்க பகுதியில அம்மாக்களுக்கு அத்தினி நல்லா பிரஷர் பார்த்த ஆளு வேற யாரும் இருக்க முடியாது.

உள்ள பிள்ளைகிட்ட ஒரே கேள்வி. "நேத்து சாயந்திரம் என்ன செஞ்ச? ஒண்ணு விடாம சொல்லு." அந்தப் பதில்லதான் நோய் இருக்குதும்பாங்க. அப்புறம் மாத்திரை வேணும்னா மாத்திரை, அதுக்குக் கீழ இன்னொரு வரி. யாரோட, எங்க, எந்த நேரம், எத்தினி நாளு. ஆனா எழுதறதுக்கு முன்னாடி என்னை அனுப்பி அந்த ஆளுகிட்ட சம்மதம் கேட்டுட்டு வரச் சொல்லுவாங்க. "கடையில இல்லாத மருந்தை எழுதக் கூடாது, கஸ்தூரி." முதல் தடவை நான் கூடப் போய் விட்டுட்டு வரணும். ரெண்டாம் தடவையும் போகணும். அதுக்கப்புறம் பிள்ளை தானா போகும். தானா போகலன்னா மருந்து தப்பு, மாத்தணும்னு அர்த்தம்.

எனக்கு ஆரம்பத்துல இதுல நம்பிக்கையே இல்ல. பேஜாரா இருந்துச்சு. பிளஸ் டூ பரிட்சையில கோட்டை விட்ட ஒரு பையன், நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னு வந்தான். இ.சி.ஜி. எடுத்து எல்லாம் பார்த்தாச்சு. சீசனுக்குப் பறவை பார்க்க வர்ற காலேஜ் பசங்களோட சனிக்கிழமை காலையில போகச் சொல்லி எழுதினாங்க. மறுநாளே அவன் அப்பா சீட்டைத் தூக்கிக்கினு வந்துட்டாரு. "மருந்து குடுங்கன்னா கொக்கைக் காட்டறீங்களா? நான் பொறந்ததுலேர்ந்து பூநாரை பார்க்கறேன், எனக்கு இன்னா குறைஞ்சுபோச்சு?"ன்னு கத்தினாரு. டாக்டரம்மா கத்தறதை முழுசாக் கேட்டுட்டு, "அப்ப நீங்களும் கூடப் போங்க, உங்களுக்குத்தான் இடம் தெரியும்"னாங்க. அந்த மனுஷன் போனாரு. படகு ஓட்டிக்கினு, பையனையும் காலேஜ் பசங்களையும் ஏத்திக்கினு, எந்தப் பறவை எங்க மேயும்னு வாய் ஓயாம பேசிக்கினு போனாரு. பையனுக்கு நெஞ்சு சரியாச்சு. அப்பனுக்கு வாய்தான் இன்னும் மூடல.

எல்லாமே இப்படி நல்லதா முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. இன்னொரு பையனுக்குக் கேரம் கிளப்புன்னு எழுதினோம். அவன் அங்க போய் பந்தயம் வெச்சு ஆடக் கத்துக்கிட்டான். அவன் அம்மா என்னை நடுத்தெருவுல நிக்க வெச்சுக் கேட்டா பாருங்க ஒரு கேள்வி, அதை இங்க எழுத முடியாது. டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு தாங்கல. "பக்க விளைவு"ன்னாங்க. நிறுத்திட்டு வேற எழுதினோம்.

இனிமே சொல்லப்போறதுதான் ஷகிலா கேட்டது. ஊர்ப் பேரைச் சொல்லல. ஏரிக்கரைக் குப்பம் ஒண்ணுன்னு வெச்சுக்கோங்க.

சௌமியா பத்தாங்கிளாஸ் படிக்கற பொண்ணு. வயித்து வலி, சோறு இறங்கலன்னு அவ அம்மா வசந்தா திரும்பத் திரும்பக் கூட்டிக்கினு வந்தா. ஒவ்வொரு தடவையும் எடை குறைஞ்சுது. யூனிஃபார்ம் சுடிதாரை இடுப்புல ஊக்கு போட்டு இழுத்துக் குத்தியிருப்பா. ரத்தம் கம்மி, மத்தபடி ஸ்கேன், காசநோய் பரிசோதனை எல்லாம் சுத்தம். ஸ்கூலுக்கும் போறதில்ல. இப்படியே போனா பரிட்சையும் இல்ல, உடம்பும் இல்ல. டாக்டரம்மா முகம் இறுகிப் போச்சு. வழக்கம் போல வசந்தாவுக்குப் பிரஷர் பார்க்கச் சொன்னாங்க.

அன்னைக்குத் தடுப்பூசி நாள். பக்கத்து ரூம் முழுக்கப் பச்சைக் குழந்தைங்க. வேற வழியில்லாம அதே ரூம்ல திரைக்கு இந்தப் பக்கம் வசந்தாவை உக்கார வெச்சேன். பேசறது கேட்டுடுச்சு.

"நேத்து சாயந்திரம் என்ன செஞ்ச?"

"ஒண்ணும் செய்யல."

"யார்கிட்டயாவது பேசுனியா?"

"நைனாகிட்ட சோறு போடவான்னு கேட்டேன்."

"அப்புறம்?"

"மணிகிட்ட பேசினேன்."

"மணி யாரு, ஃபிரெண்டா?"

"நாய்."

என் கையில இருந்த கருவியில முள்ளு மேல ஏறுது. நிமிர்ந்து பார்த்தா வசந்தா முந்தானையை வாயில அடைச்சுக்கினு அழறா. சத்தம் வரக்கூடாதுன்னு அப்படி அழறா. இத்தினி வருஷமா அந்தக் குப்பத்துக்குப் போறேன், அந்தப் பொண்ணுக்கு அம்மை ஊசி போட்டது நான்தான், அது நாயோட பேசிக்கினு இருக்குதுன்னு எனக்குத் தெரியல.

வசந்தா சொன்னது இதுதான். ஏரியில மீன் படற இடமெல்லாம் ஊருக்குப் பொது. இன்னைக்கு இந்த இடத்துல இன்னார் வலை, நாளைக்கு இன்னாருதுன்னு குலுக்கல் போட்டு முறை வைப்பாங்க. அதுக்குப் பேரு பாடு. நல்ல ஏற்பாடு அது, யாரும் குறை சொல்ல முடியாது. பெரிய வலை வெச்சிருக்கறவன் சின்ன வலைக்காரனை ஏறி மிதிக்க முடியாது. விதவை வூட்டுக்கும் பங்கு உண்டு. எங்க காட்டூர் வாய்க்கால் தண்ணிக்கு அப்படி ஒரு முறை இருந்திருந்தா எங்க பங்காளிங்க கோர்ட்டு வாசல்ல கிடந்திருக்க மாட்டாங்க.

வசந்தாவோட தம்பிக்கு வந்த பாடுல, ஊர்ல யார்கிட்டயும் சொல்லாம அவ புருஷன் ஏழுமலை வலை போட்டுட்டாரு. தம்பி வெளியூர் போயிட்டான், போறப்போ "நீ போட்டுக்கோ மாமா"ன்னுட்டான். ஆனா பாடு மாத்தணும்னா ஊரைக் கூட்டிச் சொல்லணும். பஞ்சாயத்துல கூப்பிட்டு, ஊர் முன்னாடி தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிடு, முடிஞ்சுதுன்னாங்க. "என் மச்சான் குடுத்தான், நான் போட்டேன். நான் இன்னா திருடனா?"ன்னு துண்டை உதறிக்கினு வந்துட்டாரு. ஊர் கட்டு போட்டுடுச்சு. அந்த வூட்டோட பேச்சு வார்த்தை கிடையாது. அது ஆகி மாசக்கணக்காயிடுச்சு.

"பிள்ளைங்க பேசக்கூடாதுன்னு யாரும் சொல்லலம்மா"ன்னா வசந்தா. "ஆனா பெரியவங்க பேசாத வூட்டுப் பிள்ளையோட எந்தப் பிள்ளை பேசும்? ஷேர் ஆட்டோவுல இது ஏறினா மத்ததுங்க நகர்ந்து உக்காருதுங்களாம். அன்னியிலேர்ந்து போகமாட்டேன்னுது."

அவங்க போனப்புறம் டாக்டரம்மா பேனாவை மேஜை மேல போட்டாங்க. "அப்பன் வலை போட்டான், சரி. பிள்ளை என்ன வலை போட்டுது? நான் மேல எழுதுதேன். கலெக்டர், போலீஸ், குழந்தைகள் நலக்குழு, எல்லாத்துக்கும் எழுதுதேன்."

"எழுதுங்க மேடம், வேணாம்னு சொல்லல"ன்னேன். "ஜீப் வரும், போகும். மறுநாளும் அந்தப் பொண்ணு அங்கதான் இருக்கணும். ஊர் வாயை மூடலாம், திறக்க வைக்க ஜீப்பால முடியுமா?"

போட்ட பேனாவைத் திரும்ப எடுத்தாங்க. "அடுத்த வாரம் எடை பாக்கேன். இன்னும் குறைஞ்சிருந்தா உங்களையும் கேக்க மாட்டேன், ஊரையும் கேக்க மாட்டேன். அதுக்குள்ள உங்களுக்கு வழி தெரிஞ்சா சொல்லுங்க"ன்னாங்க. இதுல அவங்க விளையாட மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும்.

வூட்டுக்குப் போய் சாம்பார் கொதிக்கறப்போதான் ஒண்ணு தோணுச்சு. பல வருஷம் முன்னாடி அதே குப்பத்துல, கட்டு போட்ட இன்னொரு வூட்டுல பேறுகாலம் பார்க்கப் போயிருக்கேன். வலி எடுத்ததும் அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க அத்தினி பேரும் வந்து நின்னாங்க. வெந்நீர் வெச்சது ஒருத்தி, முதுகு பிடிச்சது ஒருத்தி. "கட்டு இருக்குதே, எப்படி வந்தீங்க?"ன்னு கேட்டதுக்கு, "சாவு, பேறு, மருந்து மூணுக்கும் கட்டு இல்ல நர்சம்மா. இது கூடத் தெரியாதா?"ன்னு சிரிச்சாங்க.

மறுநாள் காலையில பஸ்ஸை விட்டு இறங்கினதும் ஓடினேன். சொன்னேன். டாக்டரம்மா நாற்காலியில நல்லா சாய்ஞ்சு என்னைப் பார்த்தாங்க. அப்புறம் ஒரு சீட்டை இழுத்தாங்க. அவங்க எழுதினதிலேயே ரொம்ப நேரம் எடுத்து எழுதினது அதுதான்.

"இரும்புச்சத்து மாத்திரை - இரவு உணவுக்குப் பின் ஒன்று. தன் வயதுத் தோழிகள் நால்வருடன் பேச்சும் விளையாட்டும் - மாலையில் ஒரு மணி நேரம், தினமும். ஒரு மாதம். நிறுத்தக் கூடாது."

"சீல் குத்துங்க. நல்லா அழுத்தி"ன்னாங்க. மேஜை ஆடற மாதிரி குத்தினேன். நீங்களும் வாங்க மேடம்னு கூப்பிட்டேன். "நான் வந்தா அதிகாரம் ஆயிடும். நீங்க போனா மருந்தா இருக்கும்"னு சொல்லி அனுப்பிட்டாங்க.

படகெல்லாம் திரும்பி, மீன் போனப்புறம், வலை காயப்போடற கொட்டகையில பஞ்சாயத்தார் உக்காருவாங்க. தலைவர் தசரதன். பனைமரம் மாதிரி ஆளு, பேச்சு கம்மி. வயசுல எனக்கு மூத்தவர்ங்கறதால அண்ணான்னுதான் கூப்பிடுவேன். சீட்டைக் குடுத்தேன். படிச்சாரு. திருப்பிப் பார்த்தாரு, பின்னாடி ஏதாவது இருக்குதான்னு. பக்கத்துல இருந்தவர்கிட்ட குடுத்தாரு. சீட்டு கொட்டகையை ஒரு சுத்து சுத்தி வந்துச்சு.

"இன்னா நர்சம்மா, பேச்சு ஒரு மருந்தா? எந்த மெடிக்கல்ல விக்கறாங்க?"ன்னு ஒருத்தர் கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க.

"சளிக்கு ஆவி புடிக்கச் சொல்றோமே, ஆவியை மெடிக்கல்லயா வாங்கறீங்க?"ன்னேன்.

"அது வேற."

"இன்னா வேற? தசரதண்ணா, நீங்க தினம் காலையில கரையில வேகு வேகுன்னு நடக்கறீங்களே, எதுக்கு? சுகருக்குத்தானே? அதே டாக்டரம்மா, அதே மாதிரிச் சீட்டு, அதே சீலு. 'நடை - தினமும்'னு எழுதினாங்க. நடை மருந்துன்னா பேச்சு மட்டும் எப்படி மருந்து இல்லாம போவும்?"

நான் விடல. "உங்க பாடு மேல எனக்குக் கோவம் இல்லண்ணா. ஏழுமலை அண்ணன் பண்ணது சரின்னு நான் வரல. அது உங்க வழக்கு. ஆனா அந்தப் பொண்ணு எலும்பா ஆயிடுச்சு. நாயோட பேசுது. மருந்துக்குக் கட்டு இல்லன்னு இந்த ஊர்தான் எனக்குச் சொல்லிக் குடுத்துச்சு. இப்ப மருந்து எழுதிக் குடுத்தாச்சு. குடுப்பீங்களா, மாட்டீங்களா?"

சிரிப்பு நின்னு போச்சு. கடைசியா தசரதன் சீட்டை மடிச்சு என்கிட்ட குடுத்தாரு. "சீலு இருக்குது. மருந்துதான். யாரு அந்த நாலு பேரு?"

அங்கதான் சிக்கல். சம்மதம் கேக்காம யாரையும் எழுதக் கூடாதுன்னு தோழிங்க பேரை நாங்க எழுதல. எந்த வூட்டுப் பொண்ணை முதல்ல அனுப்பறது? முதல்ல அனுப்பற வூட்டைப் பார்த்து, ஏழுமலைக்கு சப்போட்டுன்னு சொல்லிட்டா? ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தாங்க. அப்பதான் பின்னாடி இருந்து ஒருத்தர் சொன்னாரு, "இதுக்கு எதுக்கு யோசனை? பாடு போட்டுடலாம்."

சத்தியமாச் சொல்றேன், நான் கிண்டல் பண்றாருன்னுதான் நினைச்சேன். ஒருத்தரும் சிரிக்கல. அந்த வயசுல பொண்ணு இருக்கற வூடெல்லாம் ஆளுக்கு ஒரு அடையாளம் கொண்டாந்து கூடையில போட்டாங்க. ஒரு சிப்பி, ஒரு தக்கை, ஒரு ஈய குண்டு, உடைஞ்ச வளையல் ஒண்ணு. சின்னக் குழந்தை ஒண்ணைத் தூக்கியாந்து எடுக்க வெச்சாங்க. எந்த நாளு எந்த நாலு வூடுன்னு முறை வந்துடுச்சு. மீனுக்குப் போடற அதே குலுக்கல், அதே மரியாதை. தசரதனோட கடைசிப் பொண்ணு பவித்ரா, சௌமியாவோட ஒரே பெஞ்சுல உக்கார்ந்தவ. அவ முறை எல்லாருக்கும் கடைசியா வந்துச்சு. கொட்டகைக் கம்பத்தைப் பிடிச்சுக்கினு நின்னவ முகம் விழுந்து போச்சு.

அன்னைக்குச் சாயங்காலம் முதல் பாடு வந்த பொண்ணுங்க நாலு பேரைக் கூட்டிக்கினு ஏழுமலை வூட்டாண்ட போனேன். நாலும் தலை சீவி, பவுடர் போட்டு, பரிட்சை ஹால்ல உக்கார்ற மாதிரி வரிசையா உக்கார்ந்துக்கிச்சுங்க. சௌமியா உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா.

"வாடி வெளிய, உனக்காக வந்திருக்காளுங்க."

"எனக்காக வரல நர்சம்மா. பாடு வந்துச்சுன்னு வந்திருக்காளுங்க. முறை முடிஞ்சா போயிடுவாளுங்க. அப்படி யாரும் எனக்கு வாணாம்."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. இவளுக்காக நான் பஞ்சாயத்துல உயிரைக் கையில புடிச்சுக்கினு பேசிட்டு வந்திருக்கேன்! "ஏண்டி, உங்க நைனா அங்க முறுக்கிக்கினு நிக்கறாரு, நீ இங்க முறுக்கிக்கறியா? அப்பனுக்குத் தப்பாம பொறந்திருக்கேடி!"ன்னு கதவைத் தட்டிக் கத்தினேன். கதவு அசையல. ஆனா அவ சொன்னதுல நியாயம் இருந்துச்சு. முறை வெச்சு மீன் பிடிக்கலாம். முறை வெச்சுப் பிரியம் வர்றதுக்கு அது இன்னா மீனா? அன்னைக்கு படகுல திரும்பறப்போ எனக்கு மனசே சரியில்ல.

டாக்டரம்மா, "மருந்து முதல் நாளே வேலை செய்யுமா? நிறுத்தாம குடுங்க"ன்னாங்க. மறுநாளும் நாலு பேர் போனாங்க, மூடின கதவைப் பார்த்து உக்கார்ந்துட்டு வந்தாங்க. அதுக்கு அடுத்த நாள் நடந்ததை வசந்தா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நாலு பேர் உக்கார்ந்திருக்கச்சொல்லவே பவித்ரா வந்துட்டா. அவ பாடு இல்ல அன்னைக்கு. நேரா போய்க் கதவுல முதுகைச் சாச்சு உக்கார்ந்துக்கினு, கதவோட பேச ஆரம்பிச்சுட்டா.

"ஏய் சௌமி, புது சயின்ஸ் டீச்சர் வந்திருக்காங்கடி. மூக்காலயே பேசறாங்க. 'ங்ஏண்டி ங்லேட்டு'ன்றாங்க. நீ கேக்கலன்னா உனக்குத்தான் நஷ்டம்."

முழங்கையால கதவை இடிச்சா.

"நீ இல்லாம கணக்குல நான் மொத்தமா அவுட்டு. எங்க நைனா தோலை உரிக்கப் போறாரு. திறடி."

"உன் பாடு கடைசியிலதானே?" உள்ள இருந்து குரல் வந்துச்சு.

"பாடாவது பூடாவது! எனக்கு உன்கிட்ட பேசணும், நான் வந்தேன். திறடி மூதேவி!"

கதவு திறந்துச்சு. அன்னைக்கு அத்தினி பேரும் சேர்ந்து ஒரு சட்டி கஞ்சியைக் காலி பண்ணாங்கன்னா வசந்தா. சௌமியாவும் குடிச்சாளான்னு கேட்டேன். "ரெண்டாம் தபா ஊத்திக்கிச்சும்மா"ன்னு சொல்லிட்டு என் கையைப் புடிச்சுக்கிட்டா. விடவேயில்ல.

அதோட முடிஞ்சா அது ஊரா? பவித்ரா மறுநாளும் வந்தா, அதுக்கு மறுநாளும் வந்தா. அன்னைக்குப் பாடு வந்தவளுங்கள்ல ஒருத்தியோட அம்மா பஞ்சாயத்துல புகார் சொல்லிட்டா. "எங்க பாடுல தலைவர் வூட்டுப் பொண்ணு பூந்து, எங்க பொண்ணை ஒரு வார்த்தை பேச வுடல. ஏழை வூட்டுக்கு ஒரு நியாயம், தலைவர் வூட்டுக்கு ஒரு நியாயமா?"

மாத்திரை குடுக்கப் போனவ நான், கொட்டகையில கூட்டத்தைப் பார்த்து அங்கியே நின்னுட்டேன். கேட்டா சிரிப்பா இருக்கும். அங்க யாருக்கும் சிரிப்பு வரல. குலுக்கல் போட்டா அது பாடுதான். பாடு மீறினா அது மீறல்தான். ஏழுமலைக்கு ஒரு சட்டம் சொன்ன வாய், பெத்த பொண்ணுக்கு இன்னா சொல்லப் போவுதுன்னு ஊரே பார்க்குது. தசரதன் தரையைப் பார்த்துக்கினு உக்கார்ந்திருந்தாரு. பவித்ரா நடுவுல நின்னா. தலையைக் குனியல.

"மீறினியா?"ன்னு கேட்டாரு அப்பன்.

"மீறினேன் நைனா."

பார்த்துக்கினு இருக்கச்சொல்லவே கூட்டம் ரெண்டா விலகுச்சு. ஏழுமலை வந்துக்கினு இருந்தாரு. தூரத்துல தன் படகாண்ட நின்னு கேட்டுக்கினு இருந்திருக்காரு. மாசக்கணக்கா அந்தக் கொட்டகைப் பக்கம் வராத மனுஷன்.

"அந்தப் புள்ளைய ஒண்ணும் கேக்காதீங்க"ன்னாரு. "அது மீறினது என் பொண்ணுக்காக. நான் மீறினது எனக்காக. ஊர்கிட்ட சொல்லாம வலை போட்டேன். தப்பு. எல்லார் முன்னாடியும் சொல்றேன், தப்பு. என்னை இன்னா பண்ணணுமோ பண்ணுங்க. அந்தப் புள்ளைய வுட்டுடுங்க."

சொல்லிட்டு அப்படியே மணல்ல விழுந்தாரு. கோர்ட்டு வந்தாலும் குனிய மாட்டேன்னு நின்ன ஆளு. தசரதன் எழுந்து வந்து ரெண்டு தோளையும் புடிச்சுத் தூக்கினாரு. "போதும் எழுந்திரு ஏழுமலை. நாளைக்கு வலையை எடுத்துக்கினு வா"ன்னாரு. அவர் கண்ணு கலங்கினதை நான் பார்த்தேன். என் கண்ணு கலங்கினதை யாரு பார்த்தாங்கன்னு தெரியாது, நான் மூக்கைச் சிந்தற மாதிரி திரும்பிக்கிட்டேன். புகார் சொன்ன பொம்பளையே, "அய்ய, பொண்ணுங்க பேசறதுக்கெல்லாம் எதுக்குப் பாடு? வேணும்னவ போவட்டும்"னு முதல் ஆளா சொல்லிட்டா.

புதுசா வேலைக்கு வந்திருக்கற பசங்களுக்கு ஒண்ணு சொல்றேன். எந்த மருந்தையும் எழுதறதுக்கு முன்னாடி, அந்த ஊர் எதுக்குக் கட்டுப்படும், எதுக்கு இளகும்னு கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க. படத்துல அது வராது. அப்புறம், நாம குடுக்கறது முறை மட்டும்தான். முறையை மீறி ஒருத்தி வந்து கதவைத் தட்டணும். அவ வர்றதுக்கு வழி பண்ணி வைக்கலாம், அவளை எழுதி வாங்க முடியாது.

சௌமியாவுக்கு எடை ஏறுச்சு, பரிட்சை எழுதினா, இப்ப பொன்னேரியில காலேஜ் படிக்கறா. அதெல்லாம் பின்னால நடந்தது. அன்னைக்குச் சாயங்காலம் கொட்டகையில ஒரே இரைச்சல். பொம்பளைங்க வசந்தாவைச் சுத்திக்கினு, இத்தினி மாசம் பேசாததை மொத்தமா பேசித் தீர்க்கறாங்க. ஒருத்தி பேசறது இன்னொருத்தி காதுல விழல. நான் மாத்திரை அட்டையை வெச்சுக்கினு சௌமியாவைத் தேடறேன், ஆளைக் காணோம். கடைசியில பார்த்தா தண்ணியோரமா அவளும் பவித்ராவும். பின்னாடி பெரியவங்க அழுது, விழுந்து, கட்டிப் புடிச்சு இத்தினி அமர்க்களம் பண்ணிக்கினு இருக்கோம், அவளுங்க ரெண்டு பேரும் திரும்பிக்கூடப் பார்க்கல. ஒருத்தி மூக்கால பேசிக் காட்டறா, இன்னொருத்தி வயித்தைப் புடிச்சுக்கினு சிரிக்கறா.

"ஏய் சௌமியா! நேத்து ராத்திரி மாத்திரை போட்டியாடி?"ன்னு கரையிலேர்ந்து கத்தினேன்.

"போட்டேன் நர்சம்மா! நாங்க பேசிக்கினு இருக்கோம்ல, நீங்க போங்க!"

போங்கன்னுட்டா. நான் போயிட்டேன்.